எந்தப் பாடம் பெரிய பாடம்?

பெண் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை எமது சமூகம் பெரும்பாலும் கடந்து வந்துவிட்டது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இன்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். ஆனால் அவர்கள் எதைப் படிக்க வேண்டும், அதை யார் தீர்மானிக்க வேண்டும் என்ற கேள்விகள் இன்னும் எமது வீட்டு முற்றத்திலேயே நிற்கின்றன. விஞ்ஞானம் படிக்கும் ஒரு பெண் பிள்ளை, "நான் எடுத்த பாடம் சரிதானா?" என்று தடுமாறும்போது வீட்டில் உள்ளவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறோம்? "இவ்வளவு படிச்சும் ஒரு முடிவெடுக்கத் தெரியாதா?" என்று கடிந்துகொள்கிறோம். அல்லது "பேசாமல் படி" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். கடன் தொல்லை, குடும்பத் தகராறு, பாடசாலை இடைவிலகல் என்று வீடு வீடாகப் போகும்போது, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு வராத வீடு இல்லை. அந்தப் பேச்சுகளில் நான் அடிக்கடி கவனித்த ஒன்றையும், எனது சொந்த அக்காவின் வீட்டில் கடந்த சில மாதங்களாக நடந்ததையும் வாசகியரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

வரிசையில் நிற்கும் பாடங்கள்

எமது வீடுகளில் பாடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மருத்துவம், அடுத்துப் பொறியியல். அதற்குப் பிறகு வருவதெல்லாம் 'கிடைக்காதவர்கள் படிப்பது'. உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போகும் பிள்ளையிடம் "டொக்டராகப் போறீங்களா?" என்றுதான் கேட்கிறோம். அந்தப் பிரிவில் பரீட்சை எழுதுபவர்களில் மிகச் சிலருக்கே மருத்துவ பீட அனுமதி கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் கேட்கிறோம்.

2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. பெரும்பாலான கற்கை நெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அந்தப் பதினாறில் ஒன்று. மூன்று தடவைகள் உயர்தரம் எழுதலாம். வெட்டுப்புள்ளிக்கும் பிள்ளையின் புள்ளிக்கும் இடையில் தசமத்தில் ஒரு சிறு வித்தியாசம் வந்துவிட்டால் அந்த வீட்டில் சாவு விழுந்தது போல் ஆகிவிடுகிறது. அதன் பிறகு உயிரியல் விஞ்ஞானப் பட்டத்துக்கு அனுமதி கிடைத்தால், அந்தப் பிள்ளை பல்கலைக்கழகப் படலையைத் தாண்டும்போதே 'தோற்றவள்' என்ற எண்ணத்தோடுதான் தாண்டுகிறாள்.

எனக்குக் கிடைக்காத குழப்பம்

நான் பிறந்தது படுவான்கரையில். வாவிக்கு மேற்கே வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பிரதேசங்களைத்தான் அப்படிச் சொல்வோம். 2004 இல் சாதாரண தரம் எழுதினேன். விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல பெறுபேறு. ஆனால் எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. கலைப் பிரிவு மட்டுமே இருந்தது. விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் மண்முனைத் துறையில் பாதைப் படகேறி, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, எழுவான்கரைக்குப் போக வேண்டும். ஒரு பெண் பிள்ளையைத் தினமும் அப்படி அனுப்ப எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? 2007 இல் ஊரோடு இடம்பெயர்ந்து, முகாமில் இருந்தபடியே உயர்தரம் எழுதினேன். கலைப் பிரிவில் நான் தேர்ந்தெடுத்த பாடங்கள் என்று சொல்வதை விட, எங்கள் பாடசாலையில் ஆசிரியர் இருந்த பாடங்கள் என்று சொல்வதே பொருத்தம்.

சமூகவியல் எனக்குப் பிடித்துப்போனது. அது வேறு கதை. ஆனால் 'எந்த விஞ்ஞானப் பாடத்தை எடுப்பது?' என்று குழம்புவதற்கான வாய்ப்பே எனக்கு இருக்கவில்லை. ஆகவே ஒரு பிள்ளை அப்படிக் குழம்புவதைக் காணும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கதவுகள் அவள் முன்னால் திறந்திருக்கின்றன என்பதால்தானே அவள் குழம்புகிறாள்!

பல்கலைக்கழகத்தில் சீ. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைப் பற்றிப் படித்தோம். தனிமனிதரின் கவலையையும் சமூகத்தின் பிரச்சினையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1959 இல் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கினார். ஒரு நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அவருடைய திறமையை ஆராயலாம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லையென்றால் அந்த நாட்டின் அமைப்பையே ஆராய வேண்டும். பாடத் தெரிவில் தடுமாறும் எமது பிள்ளைகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத காரணத்தால் பாடப் பிரிவை மாற்றிக்கொண்ட பிள்ளையை எனது களப் பணியில் கண்டிருக்கிறேன். அவளைத் 'தெளிவில்லாத பிள்ளை' என்று சொல்வது நியாயமா?

அக்காவின் மகள்

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. எனக்குத் தடையாக இருந்த வாவியை எனது அக்காவின் மகள் பஸ்ஸில் கடந்து போய் நகரப் பாடசாலையில் உயிரியல் படித்தாள். மூன்று தடவைகள் உயர்தரம் எழுதினாள். கொவிட் காலத்தில் பரீட்சைகள் எல்லாம் பிந்திப் போனதால், மூன்றாவது தடவையை 2023 தொடக்கத்தில்தான் எழுத முடிந்தது. தனியார் வகுப்புகளுக்காக அக்காவின் காப்பும் சங்கிலியும் அடகுக்குப் போயின. மருத்துவம் கிடைக்கவில்லை. வெளிமாவட்டப் பல்கலைக்கழகமொன்றில் உயிரியல் விஞ்ஞானம் கிடைத்தது.

இப்போது அவள் இரண்டாம் வருடம். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் படிக்கிறாள். இந்த வருட முடிவில் அவள் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தோடு வெளியேறுவதா, அல்லது ஒரு பாடத்தைப் பிரதானமாக எடுத்து நான்கு வருடச் சிறப்புப் பட்டம் படிப்பதா? சிறப்புப் பட்டத்துக்கு இடங்கள் குறைவு. முதலிரண்டு வருடப் புள்ளிகளைப் பார்த்தே எடுப்பார்கள். ஒரு பாடத்துக்குள் போய்விட்டால் பின்னர் மாறுவதும் கடினம்.

விடுமுறைக்கு வந்தவள் ஒருநாள் இரவு என்னோடு படுத்திருந்தபோது மெல்லச் சொன்னாள்: "சின்னம்மா, நான் பிழையான பாடத்த எடுத்திட்டனோ எண்டு பயமா இரிக்கு. ராவையில நித்திர வருதில்ல."

நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. களப் பணியில் பழகிய ஒரு முறையைத்தான் கையாண்டேன். காலையில் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உனக்கு யார் யார் என்ன சொன்னார்களோ, எல்லாவற்றையும் பெயரோடு எழுது" என்றேன். எழுதினாள். இரசாயனவியல் எடுத்தால் கம்பனிகளில் வேலை கிடைக்கும் என்று ஒரு சீனியர் அக்கா. விலங்கியல் பெண்களுக்குச் சரிவராது, கடலுக்கும் காட்டுக்கும் போக வேண்டும் என்று மாமி. "மூணு வருசத்தில முடிச்சிப்போட்டு ஊரில ரீச்சரா வரட்டும்" என்று அப்பா. எதையாவது படித்து வெளிநாடு போய்விடு என்று நண்பி. இப்படிப் பதினொரு வரிகள் இருந்தன. அவளுடைய பெயரில் ஒரு வரிகூட இல்லை.

"பன்னிரண்டாவது வரி எங்க மனே?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "எனக்குத் தாவரவியல்தான் விருப்பம். ஆனா அதச் சொல்ல வெக்கமா இரிக்கு" என்றாள்.

பாருங்கள், விருப்பம் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வெட்கம்!

பாடமா, பாஷையா?

தாவரவியலில் விருப்பம் என்றால், மற்ற இரண்டிலும் என்ன தயக்கம் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். இரசாயனவியல் தனக்கு விளங்குவதேயில்லை என்றாள். உயர்தரத்தில் அவள் நல்ல புள்ளி எடுத்த பாடம் அது. பதின்மூன்று வருடங்கள் தமிழில் படித்த பிள்ளை திடீரென ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறாள். அதே கணக்கைத் தமிழில் தந்தால் செய்கிறாள். ஆகவே அவளுக்கு வராதது இரசாயனவியல் அல்ல, ஆங்கிலம். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் எத்தனை பிள்ளைகள் தமக்குப் பொருத்தமான பாடத்தையே கைவிட்டிருப்பார்கள்! பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் உள்ள தாய்மார் இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலப் பயம் ஒன்றிரண்டு வருடத்தில் தெளியும். அந்தப் பயத்தில் எடுக்கும் முடிவோ வெகுகாலம் கூட வரும்.

தாவரவியல் விருப்பம் எப்போது வந்தது என்றும் கேட்டேன். அவள் சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த நவம்பரில் தடை நீக்கப்பட்டாலும் பெரும்போக வேளாண்மைக்கு அது பிந்திவிட்டது. அத்தானின் வயலும் மஞ்சளாகிப் போனது. அவள் அப்போது இரண்டாவது தடவைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நைதரசன் குறைந்தால் முதிர்ந்த இலைகள் ஏன் முதலில் மஞ்சளாகின்றன என்று புத்தகத்தில் இருந்தது, வீட்டுக்குப் பின்னால் வயலிலும் இருந்தது. செடி தன் பழைய இலையிலிருந்து நைதரசனை எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. "அத விளங்கின நாள்தான் சின்னம்மா, நான் படிக்கிறது எனக்காகத்தான் எண்டு முதல்முதல் நினைச்சன்" என்றாள். அந்த வருடம் அவர்களது வீட்டில் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. அடகுக் கடைக்குப் போன சங்கிலி அதன் பிறகு மீளவேயில்லை.

படித்தால் என்ன வேலை?

விருப்பம் மட்டும் இருந்தால் போதுமா? கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் இந்த நாட்டில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்தோம்.

இரசாயனவியல் படித்தவர்கள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்திலும், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களிலும், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்திலும், மருந்து, உணவு, வர்ணப்பூச்சுத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். குடிநீரில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்பவர்கள் இவர்களே.

விலங்கியலை 'மீனையும் தவளையையும் வெட்டும் படிப்பு' என்று எங்கள் ஊரில் கேலி செய்வதுண்டு. இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. அந்த வெற்றியில் வைத்தியர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நுளம்புகளைப் பிடித்து இனம் பிரித்துப் பார்த்த பூச்சியியல் பணியாளர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. வாவியையும் கடலையும் நம்பி வாழும் எமது மாவட்டத்தில் மீன்வளம் படித்தவர்களின் தேவையைச் சொல்லவும் வேண்டுமா?

தாவரவியலுக்கு வந்தோம். பேராதனைத் தாவரவியல் பூங்காவும் அங்குள்ள தேசிய உலர் தாவரத் தொகுப்பும், கன்னொறுவையில் உள்ள தாவர மரபணு வளங்கள் நிலையமும், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும், லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவகமும் இருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியை சாவித்திரி குணதிலக்க, சிங்கராஜ வனத்தின் மரங்களைப் பற்றிப் பல தசாப்தங்கள் ஆய்வு செய்தவர். 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட வனம் அது. ஒரு பெண் தாவரவியல் படித்து என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பதில் போதும்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. இத்தகைய பதவிகள் குறைவு. பயிர் ஆராய்ச்சிப் பதவிகளுக்கு விவசாய பீடத்தில் படித்தவர்களும் போட்டியிடுவார்கள். விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்கள் பலர் பட்டதாரி நியமனத்துக்காக வருடக் கணக்கில் காத்திருந்து, பிரதேச செயலகங்களில் தமது படிப்போடு தொடர்பில்லாத வேலை செய்வதை நான் தினமும் காண்கிறேன். இதையும் அவளிடம் சொன்னேன். அவள் தலையசைத்தாள். தெரியாமல் இருப்பதை விடத் தெரிந்து தயங்குவது நல்லது.

அப்பாவின் ஆசையையும் நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. பொதுப் பட்டத்தோடு ஊருக்கு வந்து ஆசிரியையாவதை 'குறைந்த' முடிவாக நான் ஒருபோதும் பார்க்க மாட்டேன். ஒரு பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு தொடங்குவதும் மூடப்படுவதும் இரண்டு மூன்று ஆசிரியர்களைப் பொறுத்தது. நான் படித்த காலத்தில் எங்கள் ஊருக்கு அப்படி ஒரு ஆசிரியை வந்திருந்தால் எனது வாழ்க்கை வேறு விதமாகப் போயிருக்கும். உண்மையைச் சொன்னால் எனது உள்மனம் அத்தானின் பக்கம்தான் நின்றது. ஆனால் அந்தத் தாளில் ஏற்கனவே பதினொரு பேர் இருந்தார்கள். அவள் முடிவெடுக்கும் வரை நான் பன்னிரண்டாவது ஆளாகப் போகவில்லை.

விதைநெல் சாக்கு

அக்காவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "புல்லையும் பூண்டையும் படிக்கவா தங்கச்சி நான் காப்பையும் சங்கிலியையும் அடகு வெச்சன்?" என்று என்னிடம் அழுதாள். அந்தக் கண்ணீரை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று பரீட்சைகளிலும் மகளோடு சேர்ந்து விழித்திருந்தவள் அவள்.

அன்று மாலை அத்தான் விதைநெல் சாக்குகளைத் திண்ணையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் அருகில் போய் நின்று, "அப்பா, இதில பி.ஜி. எண்டு போட்டிருக்கே, அது என்னண்டு தெரியுமா?" என்று கேட்டாள். முப்பது வருடமாக வேளாண்மை செய்யும் மனிதர். "அது நெல்லுட பேர்தானே" என்றார். அவள் விளக்கினாள். பி.ஜி. என்றால் பத்தலகொட. குருநாகல் மாவட்டத்தில் நெல் ஆராய்ச்சி நிறுவகம் இருக்கும் இடம். ஏ.டி. என்றால் அம்பலாந்தோட்டை. பி.டபிள்யூ. என்றால் பொம்புவெல. ஒரு நெல்லை இன்னொன்றோடு கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து, வயல்களில் பரீட்சித்து ஒரு புது இனத்தை வெளியிடப் பத்து வருடங்கள் வரை போகும். அப்படிச் செய்பவர்கள் தாவரங்களைப் படித்தவர்கள்.

"அப்ப இந்த முந்நூத்தி அம்பத்திரெண்டு?" என்று அவர் கேட்டார்.

"முந்நூறில தொடங்கினா மூணு மாதம், முந்நூத்தி அம்பதில தொடங்கினா மூண்டர மாதம், நானூறு எண்டா நாலு மாதம்."

"வயசு எனக்குத் தெரியும். இலக்கத்தில வெச்சிருக்காங்க எண்டு தெரியாது" என்று அத்தான் சிரித்தார். பிறகு மகளிடம் மடுவுப் பக்கத்து வயலில் ஏன் இனங்கள் எல்லாம் சாய்கின்றன, உவர் நிலத்துக்கு ஏற்ற நெல் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார். அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 'புல்லு பூண்டு' என்ற பேச்சை அதன் பின் நான் கேட்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் விருப்ப ஒழுங்கு எழுத வேண்டும். முதலாவதாகத் தாவரவியல் சிறப்புப் பட்டம், அது கிடைக்காவிட்டால் பொதுப் பட்டத்தோடு ஆசிரியப் பணி என்று தானே எழுதினாள். புள்ளிகள் வந்த பிறகே முடிவு தெரியும். எது கிடைத்தாலும் அது அவள் எழுதிய ஒழுங்கு. அவளுக்கு இன்னும் பயம் முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் இரவில் தூங்குகிறாள்.

தாய்மாரே, சகோதரிகளே!

பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை குழம்பி நின்றால் அதை நன்றி மறந்த செயலாக எண்ணாதீர்கள். அவளுடைய பயத்தில் எது பாடத்தைப் பற்றியது, எது ஆங்கிலத்தைப் பற்றியது, எது உங்கள் முகத்தைப் பற்றியது என்று பிரித்தெடுக்க உதவுங்கள். சொந்தக்காரர்களிடம் கேட்பதற்கு முன் அந்தப் பாடத்தைப் படித்து மூன்று நான்கு வருடங்களுக்கு முன் வெளியேறியவர்களைத் தேடிப் பேசச் சொல்லுங்கள். என்ன வேலை கிடைத்தது, எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். செலவழித்த பணத்தையும் அடகு வைத்த நகையையும் அந்த நேரத்தில் நினைவூட்டாதீர்கள். பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லோருடைய ஆலோசனையையும் கேளுங்கள், எழுதியும் வையுங்கள். அந்தத் தாளில் உங்கள் பெயருக்கும் ஒரு வரி இருக்கட்டும். அதை முதலில் வீட்டில் ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். அப்பாவின் வயலிலோ, வீட்டுக் கிணற்றிலோ, பக்கத்து வாவியிலோ உங்கள் பாடம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டுங்கள். அவர்களுக்குப் பாடத்தின் பெயர்தான் தெரியாது. அதன் பயன் பலருக்கு உங்களை விட நன்றாகத் தெரியும்.